அரிசிக் கிடங்கில் நான் இட்ட குரவை

எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். கடைசிப் பெண் வயிற்றில் இருக்கும்போதே என் வீட்டுக்காரர் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து போய்விட்டார். அதனால் வளர்த்தது நான்தான், நான் மட்டும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்ததைக் கேட்டுவிட்டு, இவளுக்கு என்ன அதிகாரம் என்று பிறகு யாரும் கேட்கக் கூடாது.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சித்தாள் வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு. மூத்தவன் அந்தத் தெருவிலேயே லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்குவான். கடைசிப் பெண்ணுக்குத் தையல் கடையில் வேலை. சாயங்காலமானால் வாசகசாலைக்குப் போய்ப் பாடுவாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த வாசகசாலைப் பிள்ளைகள் ஒரு பாட்டு நாடகம் போட்டார்கள். போட்ட இடம்தான் விசேஷம். பூட்டிக் கிடந்த ஒரு அரிசிக் கிடங்கு. மேடை இல்லை, திரை இல்லை. பார்க்கப் போகிறவர்களும் பாடுகிறவர்கள் கூடவே கிடங்குக்குள் நடக்க வேண்டும். கிடங்கில் அரிசி புடைக்கிற ஒரு பெண்ணின் கதை. அவளுக்குக் கல்யாணம் நடக்கும். பார்க்க வந்தவர்கள்தான் கல்யாண வீட்டுக் கூட்டம். அந்தப் பெண்ணாக நடித்தது என் மகள்.

மூத்தவன் குதித்தான். "நான் மூட்டை சுமந்த கிடங்குல, என்கூட சுமக்கிறவனுவ முன்னால, இவ கழுத்துல எவனோ தாலி கெட்டுவானா? கன்னிப்பொண்ணு கழுத்துல ஏறினா நாடகக் கயிறும் கயிறுதாம்மா. பெறவு எவன் கெட்டுவான்?"

"நாடகத்துக்குப் பயந்து ஓடுறவன் எனக்கும் வேண்டாம்ணே," என்றாள் சின்னவள்.

"வாய் கூடிப்போச்சு. நானும் அங்க வருவேன், கேட்டியா? அவன் தாலியை எடுத்தா, உன் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்துருவேன். பின்னே பாட்டும் கெடையாது, தையக்கடையும் கெடையாது."

சொன்னால் செய்கிறவன் அவன். மேடை என்று ஒன்று இருந்தால் ஏறக் கூச்சப்படுவான். அங்கேதான் மேடையே இல்லையே! கை நீட்டினால் தங்கை.

என் வீட்டுக்காரரின் அக்காளும் நானும் சேர்ந்து போனோம். வாசலில் நின்ற ஒரு பெண், "அம்மச்சிக்கு நிக்கான் பற்றுமோ? ஒரு கசேர கொண்டு வரட்டே?" என்று மலையாளத்தில் கேட்டு, நாற்காலி எடுக்கப் போனாள்.

"சாந்துச்சட்டி சுமந்த காலு இது. கசேரயில நீ இரி," என்றேன்.

உள்ளே பழைய சாக்கு வாசனை. என் பக்கத்தில் கூடையோடு ஒருத்தி நின்றாள். சந்தைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். திடீரென்று அவள் வாயைத் திறந்து பாடினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாத்தனார் அதற்குப் பிறகு யாரையும் நம்பவில்லை. "ஏளா, நீயாவது நெசமாட்டு நீதானா?" என்று என்னைக் கிள்ளிப் பார்த்தாள்.

பாட்டு பாதி மலையாளம், பாதி தமிழ். பாடிக்கொண்டே எங்களைக் கிடங்கின் நடுவுக்குக் கூட்டிப் போனார்கள். சாக்கு அடுக்கி மணவறை செய்திருந்தார்கள். என் மகள் வந்து உட்கார்ந்தாள். எதிர்த் தூணருகே மூத்தவன் நின்றான். கைலியை மடித்துக் கட்டியிருந்தான். சண்டைக்குப் போகிறவன் அப்படித்தான் கட்டுவான்.

நாத்தனார் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "பின்னால வாளா, தாலி கெட்டுற நேரம்."

தாலி ஏறும்போது சுமங்கலிகள் முன்னால் நின்று குரவை இடுவார்கள், குலவை என்பார்களே அதுதான். தாலி அறுத்தவள் ஒதுங்கி நிற்க வேண்டும். என் நாலு பிள்ளைகளின் கல்யாணத்துக்கும் நான் சமையல் பந்தலில்தான் நின்றேன். பெற்றவள் நான், குரவை இட்டது ஊரார். பழகின கால், அன்றைக்கும் தானாகப் பின்னால் போய்விட்டது.

மாப்பிள்ளை வேடக்காரன் மஞ்சள் கயிற்றை எடுத்தான். மூத்தவன் ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்தான். மகள் அவனைப் பார்த்துவிட்டாள். முகம் செத்துப் போயிற்று, ஆனால் பாட்டை விடவில்லை.

அவள் விடாதபோது நான் ஏன் விட வேண்டும்? நாத்தனார் பிடியிலிருந்து சேலையை உருவிக்கொண்டு போய் அவளுக்கும் மூத்தவனுக்கும் நடுவில் நின்றேன். நாக்கைச் சுழற்றிக் குரவை இட்டேன்.

எத்தனையோ வருடம் அடைத்துக் கிடந்த குரவை. முதலில் கரகரத்தது. பிறகு தகரக் கூரையில் முட்டித் திரும்பி வந்தது. நானும் நாடகக்காரி என்று நினைத்துச் சுற்றி நின்ற பெண்களும் சேர்ந்து இட்டார்கள். செண்டைக்காரன் கொட்டினான். தங்கையைத் தொட வேண்டுமானால், மூத்தவன் முதலில் என்னைத் தள்ள வேண்டும், அதுவும் அவன் கூட்டாளிகள் முன்னால். மூன்று முடிச்சும் விழுகிற வரைக்கும் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே குரவை இட்டேன். அவன் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டான்.

வெளியே வந்ததும் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "அறுத்தவ குரவை இட்டுட்டியே, புள்ளைக்கு ஆகாதே!"

"நாலு கல்யாணத்துக்கு ஒளிஞ்சு நின்னேனே மதினி. ரெண்டாவது மருமகன் குடிக்காமலா இருக்கான்?"



நாடகத்தைச் சொல்லி இரண்டு வரன் தட்டிப்போனது உண்மை. போகட்டும். அதற்குப் பிறகு வந்தவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தேன். அங்கேயும் முதல் குரவை என்னுடையதுதான். இந்தத் தடவை என் சேலையை யாரும் பிடித்து இழுக்கவில்லை.

எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும். நான் சொல்லச் சொல்ல எழுதியவள் மூத்தவனின் மகள். "ஆச்சி, அப்பா இழுக்க வந்ததையும் எழுதணுமா?" என்று நடுவில் கேட்டாள். எழுது என்றேன், எழுதியிருக்கிறாள்.

இப்போ முதல்ல இருந்து வாசி மக்கா. மெல்ல வேண்டாம், உரக்க வாசி. உங்கப்பன் அடுத்த ரூம்லதான் கெடக்கான்.