ஜூலை ஐந்தும் பெனடிக்றின் திறப்பும்

பெனடிக்ற் பிரான்சில் பதினொரு வருடம் ஹோட்டல் சமையலறையில் நின்றுவிட்டு லண்டனுக்கு வந்தவர். ரெய்னர்ஸ் லேனில் எங்கள் சங்க மண்டபத்தைப் பூட்டித் திறக்கிற திறப்பு அவர் கையில். கூட்டுவது, ஹீற்றர் பார்ப்பது, யாருக்கு எந்த நாள் என்று இணையப் பக்கத்தில் பதிவது எல்லாம் அவர்தான். அதிகம் பேசமாட்டார். பேசாத ஆளை எனக்குப் பிடிக்காது.

2008இல் அவர் பதிந்த நாட்கள் காணாமல் போகத் தொடங்கின. நிர்வாகக் குழுவில் இருந்த நாங்கள் இரண்டு தரம் பொறுத்தோம். பிறகு மண்டபம் எடுத்திருந்த கமலேஸ்வரி எங்களுக்குப் போன் எடுத்தார். மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு ஜூலை ஐந்தாம் திகதி சனிக்கிழமை எடுத்த மண்டபம் நிச்சயம்தானே என்று கேட்டார், கார்ட் அடித்தாயிற்றாம். தலைவர் கிருஷ்ணராசா அலுவலக அறைக் கம்ப்யூட்டரில் பார்த்தார். அந்த நாள் வெறுமையாகக் கிடந்தது.

"பிரான்சில இருந்து வந்த தன்ர ஆக்களுக்கு நாட்களை ஒளிச்சு வைக்கிறார்போல," என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில திறப்பை வாங்குவம்," என்றார் கிருஷ்ணராசா.

கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று சனி காலையே மண்டபத்துக்குப் போனேன். பெனடிக்றை, வீட்டிலிருந்து பதிகிற தன் லப்டொப்பையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன்.

"என்ர கண்ணுக்கு முன்னால காட்டும்."

திறந்தார். ஜூலை ஐந்து, பதிந்த நாள் என்று சிவப்பாக இருந்தது. கமலேஸ்வரி என்ற பெயரும் இருந்தது.

"இப்பத்தான் போட்டிருப்பீர்."

"நீர் பொலிசிலயோ வேலை?"

அவர் கையைப் பிடித்து அலுவலக அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே அதே பக்கம். ஜூலை ஐந்து வெள்ளை.

"அழிச்சுப்போட்டீர்!"

"கையை நீரல்லோ பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர். காலாலயோ அழிச்சனான்?"

நான் விடவில்லை. ஜனவரியிலிருந்து ஒவ்வொரு மாதமாகப் புரட்டினேன். மே ஏழில் ஒரு சிவப்பு. அதிலும் கமலேஸ்வரி. புதன்கிழமை. புதன்கிழமையில் யார் மண்டபம் எடுத்துச் சாமத்தியவீடு செய்வது? முன்பு காணாமல் போன ஜூன் எட்டு, ஓகஸ்ட் ஆறில் கிடந்தது. அதுவும் புதன். அவர் பதிந்த இன்னொரு நாளான ஜூலை இருபத்தாறு மட்டும் அசையாமல் இருந்தது. இருபத்தாறாம் மாதம் ஒன்று இல்லையே.

அவர் 5/7 என்று அடிக்கிறார். அவருடைய லப்டொப்பில் உள்ள பிரௌசர் ஐந்தை நாளாக எடுக்கிறது. அலுவலக அறையில் உள்ளது வேறு பிரௌசர். அது ஐந்தை மாதமாக எடுக்கிறது. ஜூலை என்று மாதத்தை எழுத்தில் அடிக்கச் சொன்னேன். இரண்டும் ஒரே நாளைக் காட்டின.

ஞாயிறு கூட்டத்தில் யாரும் கேட்க முதலே பெனடிக்ற் திறப்பை மேசையில் வைத்துவிட்டார். கண்டதை நான் சொன்னேன். கிருஷ்ணராசா திறப்பை அவர் பக்கம் தள்ளினார். பெனடிக்ற் தொடவில்லை. என்னைப் பார்த்தார்.

"நேற்று நீர் என்னை நம்பியோ வந்தனீர்?"

"இல்லை. பிடிக்கத்தான் வந்தனான்."

"ஓம், தெரியும். நம்பி வந்திருந்தா மே மாதத்தைத் திறந்தே பாத்திருக்கமாட்டீர்."

திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டார். கமலேஸ்வரியின் சாமத்தியவீடு சொன்ன நாளில் நடந்தது.

இன்றைக்கும் சனிக்கிழமைகளில் இரண்டு கம்ப்யூட்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பெனடிக்றும் வந்து நிற்பார். அவருக்கும் இப்போது அதுகளில் நம்பிக்கை இல்லை.