வசந்தாவின் பன்னிரண்டு பாத்திகள்

டீசல் நாற்றமும், மடியில் இருந்த தூக்குவாளியின் புளிச்சோற்று வாசனையும்...

திண்டிவனம் போகும் காலை பஸ். ஜன்னலோர சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வசந்தா முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "ஃபைனலி, இட் இஸ் கவர்டு வித் பாம் லீவ்ஸ்..."

நான் சட்டென்று அவள் பக்கம் திரும்பினேன். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் இங்கிலீஷ் பரீட்சை.

எழுபதுகளில், மரக்காணத்தில் நாங்கள் எஸ்.எஸ்.எல்.சி. வசந்தாவுக்கு அது இரண்டாவது தடவை. முதல் தடவை இங்கிலீஷ் காலை வாரியிருந்தது. அவள் அம்மா உப்பளத்தில் உப்பு வாருபவர். "இந்த வாட்டியும் போச்சுன்னா பலகைய எடுத்துக்கினு என்கூட வந்துடு" என்று சொல்லிவிட்டார். வசந்தாவுக்கோ டீச்சர் டிரெயினிங் சேர ஆசை.

எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும். வாலுத்தனம் அதைவிட நன்றாக வரும்.

'உங்கள் ஊர்த் தொழில்' கட்டுரை எப்படியும் கேட்பார்கள், உப்பைப் பற்றி எழுதிக்கொடு என்றாள். பன்னிரண்டு வரி எழுதினேன். பிறகு கை சும்மா இருக்கவில்லை. வரிகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து, புது வரிசையில், அழகான கையெழுத்தில் காப்பி எடுத்துக் கொடுத்தேன். குவியலை ஓலையால் மூடுவது முதல் வரி. பாத்தியில் தண்ணீர் விடுவது கடைசி வரி.

படித்ததும் ஓடி வந்து முதுகில் ஒன்று வைப்பாள் என்று நினைத்தேன். அன்றைக்கே படிப்பு லீவுக்குக் கோட்டக்குப்பத்து அத்தை வீட்டுக்குப் போனேன். போனவள் அதை மறந்தே போனேன்.

அவள் கண்டுபிடிக்கவே இல்லை. 'தென்', 'ஆஃப்டர் தட்', 'இட்' என்று வரிக்கு வரி ஒரு கொக்கி வைத்திருந்தேன். கொக்கிக்கு ரோஷம் கிடையாது, எதில் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும். பார்வைக்கு ரயில் பெட்டி மாதிரி எல்லாம் கோத்துக்கொண்டு நின்றது. எந்த ஊருக்கும் போகாத ரயில்.

"எவ்ளோ நாளாடி இத படிச்சே?"

"பதினஞ்சு நாளு. காலைல உப்பளத்துல, வரப்புமேல நடந்துகினே. பாத்திக்கு ஒரு வரி. பன்னெண்டு பாத்தி தாண்டுனா கட்டுரை முடிஞ்சுது." பெருமையாகச் சொன்னாள்.

புத்தகத்தில் படித்தது மறக்கும்... காலில் படித்தது?

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். நிஜம். கட்டுரை அந்தத் தலைப்பில் வராமலே போகலாம். வராவிட்டால் யாருக்கும் தெரியாது. வந்துவிட்டால்...

"வசந்தா, அது நான் கலைச்சு எழுதினதுடி. வெளையாட்டுக்கு."

அடிப்பாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அடிக்கவில்லை. லீவு நாட்களில் அம்மாவுக்கு உதவி உப்புத் தண்ணீரில் வெடித்த விரல்களால், தன் மடியிலிருந்த தூக்குவாளியை இறுக்கிப் பிடித்தாள். "எங்கம்மாகிட்ட இன்னா சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் நான் சரியான வரிசையை ஒப்பிக்க ஆரம்பித்தேன். நிறுத்தினாள்.

"அப்படி சொன்னா தலையில நிக்காது. ஒவ்வொரு வரியும் இன்னா சொல்லுதுன்னு தமிழ்ல சொல்லு."

"ஓலை போட்டு மூடுறது."

"அது கடைசி. அப்புறம்?"

"இட் இஸ் ஸ்கிரேப்டு... பலகையால வாருறது."

"அந்த 'இட்' யாரு?"

"உப்பு."

"அப்போ உப்பு பூக்கிற வரி அதுக்கு முன்னாடி வரணும். பூக்காம எத்த வாருவாங்க, உன் மூஞ்சியவா?"

சிரிக்காமல்தான் சொன்னாள். அர்த்தம் நான் சொல்லச் சொல்ல, எது எதற்கு முன்னால் என்று அவளே அடுக்கினாள். ஒரு இடத்திலும் தப்பவில்லை. இங்கிலீஷ் எனக்குத் தெரியும், உப்பு அவளுக்குத் தெரியும். திண்டிவனம் வந்தபோது, மனசுக்குள் அதே வரப்பில் புது வரிகளை நட்டு முடித்திருந்தாள். ஆனால் பதினைந்து நாள் பழக்கத்துக்கு எதிரில் ஒரு பஸ் பயணம் நிற்குமா...

ஹாலில் எனக்கு மூன்று பெஞ்சு முன்னால் அவள். கேள்வித்தாள் வந்தது. கட்டுரை: உங்கள் ஊர்த் தொழில் ஒன்று. கும்பிட்ட சாமி எல்லாம் கைவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அவள் எழுத ஆரம்பித்ததும், பெஞ்சுக்கடியில் வலது கால் மெல்ல நகர்ந்தது. வரப்பில் நடக்கிறாள். நான் பேனாவை மூடாமலே எண்ணினேன். ஒன்று... இரண்டு... ஏழு. ஏழில் கால் நின்றுவிட்டது.

வெகுநேரம் நகரவில்லை. என் விடைத்தாள் வியர்வையில் ஈரமாகி மை பரவியது. எழுந்து கத்தலாமா என்றுகூடத் தோன்றியது.

கால் நகர்ந்தது. எட்டு.

வெளியே வந்ததும் அவள்தான் பேசினாள். "பழைய வரி 'நான்தான், நான்தான்'னு வந்து நின்னுச்சுடி. 'இட்'டுன்னு தொடங்குச்சு. பாத்தியில இன்னும் தண்ணிதான் இருக்குது, இது எந்த 'இட்'டுன்னு கேட்டேன். போயிடுச்சு."

பேப்பரில் ரிசல்ட் வந்த நாள், டீக்கடையில் விரல் வைத்து நம்பர்களைத் தேடினேன். என் நம்பரை நான் முதலில் தேடவில்லை. அவளுடையது இருந்தது. அதற்கப்புறம்தான் என்னுடையது. பிறகு மார்க் ஷீட் வந்தபோது, இங்கிலீஷில் அவளைவிட மூன்று மார்க் எனக்குக் குறைவு. நியாயம்தான்.

இப்போது வசந்தா ரிட்டயர்டு டீச்சர். இன்றைக்குப் போனில் ஒரு வரியைத் தூக்கி இன்னொரு இடத்தில் போட விரல் நுனி போதும், பிடிக்காவிட்டால் திருப்பி வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு நான் கலைத்ததைத் திருப்பி வைக்க இரண்டு பேர் தேவைப்பட்டோம். அப்படி ஒரே சீட்டில் ஒட்டி உட்கார்ந்து பயப்பட இப்போது யார் இருக்கிறார்கள்...

எதை எழுதினாலும் அந்த ஏழாவது பாத்தியில் நானும் ஒரு தடவை நின்றுவிடுகிறேன். அதனால் இதைப் போனில் எல்லாரும் படிக்கப் போடுவதற்கு முன் அவளுக்கு அனுப்பினேன். அரைமணி நேரம் பதிலே இல்லை.

அப்புறம் வந்தது:

"நடந்து பாத்துட்டேன். எல்லாம் எடத்துலதான் இருக்குது. போடு."

போட்டுவிட்டேன்.