பெயர் சொல்லாமல் ஒரு கருத்து

நான்கு வருடமாக இதை எழுத வேண்டும் என்று கொப்பியை எடுப்பேன். முதல் வரியோடு மூடி வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான். எழுத்துப் பிழைக்கு வெட்கப்படவில்லை. பிழை விட்டவனே நான்தான் என்று எழுதத்தான் வெட்கமாக இருந்தது. எழுதினால் என் பிள்ளைக்குத் திரும்பவும் ஏதும் வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. போன மாதம் பூசை முடிந்து எங்கள் சுவாமியாரைக் கேட்டேன். "பேர் ஊர் இல்லாமல் எழுதுங்கோ, அதாலை நாலு பேருக்கு நன்மை வரும்," என்றார். ஆகவே இதில் யாருடைய பெயரும் இல்லை. யாழ்ப்பாணக் கரையோரப் பங்குகளில் எது எங்களுடையது என்றும் சொல்ல மாட்டேன். மகள் இருக்கிற நாட்டையும் சொல்ல மாட்டேன். அவள் இருக்கிற ஊரைச் சொல்ல என்னால் முடியவே முடியாது. அது எனக்குத் தெரியாது.

அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. எங்கள் அன்பியத்திலேயே இருக்கிற ஒரு குடும்பத்தில்தான் கட்டிக் கொடுத்தோம். அன்பியம் என்றால், பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர் சேர்ந்து செபமாலை சொல்லுகிற வட்டம். மாப்பிள்ளை வெளிநாட்டில். அவள் போய் இரண்டாம் வருடம் பேத்தி பிறந்தாள். மாப்பிள்ளை கைநீட்டுகிறவன் என்பது பேத்திக்கு நாலு வயது நடக்கும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை கமராவில் கதைக்கும்போது மகள் ஒரு பக்க முகத்தையே காட்டுவாள். "வெளிச்சம் சரியில்லை அப்பா," என்பாள். நானும் வெளிச்சம்தான் என்று நம்பினேன்.

பேத்திக்கு ஆறு வயதானபோது ஒரு நாள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். புது நம்பரிலிருந்து போன் எடுத்தாள்.

"அப்பா, நாங்கள் இப்ப சுகம். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. ஒருத்தருக்கும் எண்டால் ஒருத்தருக்கும்தான்."

"ஓம் பிள்ளை. வாய் திறக்கமாட்டன்."

வாய் திறக்கவில்லை. கரையில் கேட்டவர்களுக்கு "சுகமாய் இருக்கினம்" என்றதோடு சரி. ஆனால் ஆண்டவருக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா? அன்பியத்தில் கருத்துகளைச் சேர்த்து வாசிக்கிறவன் நான். அன்றைய செபமாலையை யாருக்காக, எதற்காக ஒப்புக்கொடுக்கிறோமோ அதுதான் கருத்து. எல்லாரும் பாவிக்கிற பச்சை ஆப்பில் அன்பியத்துக்கு ஒரு குழு இருக்கிறது, அதில் போடுவார்கள். இன்னாருக்கு ஒப்பரேசன், இன்னாருக்கு விசா, இன்னாருடைய மகன் குடியை விட வேண்டும். எல்லாம் பெயரோடு, படத்தோடு. அன்றைக்கு நானும் போட்டேன்: "புது இடத்தில் புது வாழ்வு தொடங்கியிருக்கும் என் மகளுக்காகவும் பேத்திக்காகவும் மாதாவுக்கு நன்றி." கீழே மகள் அனுப்பிய படம். பேத்தி புதுப் பள்ளிக்கூடத்து வாசலில் பையோடு நிற்கிறாள். பள்ளிக்கூடத்தின் பெயர்ப் பலகை அவளுடைய தலைக்கு மேலே இருந்தது. அந்தப் பாஷை எனக்கு வாசிக்கத் தெரியாது. என் கண்ணுக்கு அது வெறும் சுவர். நான் பிள்ளையின் சிரிப்பைத்தான் பார்த்தேன்.

மாதாவுக்குச் சொல்கிறேன் என்றே நினைத்தேன். ஊருக்குச் சொல்கிறேன் என்று நினைக்கவில்லை. மாப்பிள்ளையின் தாயும் அந்தக் குழுவில்தான் இருந்தார்.

நான்கு நாள் கழித்து மாப்பிள்ளை அந்தப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றான். பொலிஸ் வந்தது. ஒருவருக்கும் காயம் இல்லை, அது மாதாவின் காவல். ஆனால் மகளும் பேத்தியும் அன்றைக்கே இடம் மாற வேண்டியதாயிற்று. பிறகு எடுத்தபோது மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்பா, இனி எங்கை இருக்கிறன் எண்டு உங்களுக்குச் சொல்லமாட்டன். நீங்களும் கேக்க வேண்டாம்."

இன்னொரு ஆப்பின் பெயரைச் சொன்னாள். அதில் அவளுடைய நம்பர் எனக்குத் தெரியாது, தானே வைத்த ஒரு பெயர் மட்டும் தெரியும். அனுப்புவதெல்லாம் ஏழு நாளில் தானாக அழியும். படம் வராது, குரல் மட்டும் வரும். "ஆப்பிலை எல்லாம் சரியாய்ப் போட்டுட்டு இந்தப் பேருக்கு ஒரு வணக்கம் போடுங்கோ. சரியில்லை எண்டு கண்டால் நான் எடுக்கமாட்டன் அப்பா," என்றாள். அவளுக்கு நான் வைத்த பெயர் ஒன்று இருக்க, வேறொரு பெயரை எழுத்துக் கூட்டிக் கொப்பியில் எழுதினேன்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட போன் திருத்துகிற கடை ஒன்றை ஒரு பெண் வைத்திருக்கிறாள். அவளிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"தங்கச்சி, எந்த ஆப் திறமான பூட்டு?"

"ஐயா, அதுவும் பூட்டு, இதுவும் பூட்டு. நடுவழியிலை ஒருத்தரும் வாசிக்க ஏலாது. ஆனால் உங்கடை படத்தை நடுவழியிலை ஆர் களவெடுத்தது? நீங்கள்தானே கையிலை குடுத்தனீங்கள்."

கேள்விப்பட்ட இன்னொன்றைக் கேட்டேன். "அப்ப அந்த விபிஎன் எண்டுறது? இருக்கிற இடத்தை மறைக்குமாம். அதையும் போடட்டோ?"

"நீங்கள் இருக்கிற இடம் உங்கடை மருமகனுக்குத் தெரியும்தானே ஐயா! உங்களை என்னத்துக்கு மறைக்கிறது? ஆருக்கு, எதை ஒளிக்க வேணும் எண்டு முதல் யோசியுங்கோ. அதுக்குப் பிறகுதான் ஆப்."

எனக்கே சிரிப்பு வந்தது. பச்சை ஆப்பில் பழகிய ஆட்கள், பழகிய குழு. புது ஆப்பில் என் மகளைத் தவிர ஒருவரும் இல்லை. ஒன்றை விட்டு ஒன்று என்று கடைக்காரப் பெண் சொல்லவில்லை. கதைக்கிறதுக்குப் புதியது, ஊரோடு இருக்கிறதுக்குப் பழையது என்று பிரித்துத் தந்தாள். போனில் எடுக்கிற படங்கள் தானாக இணையத்தில் போய்ச் சேருகிற வழியை நிறுத்தினாள். ஒரு படத்தில் ஆளைப் பார்க்க முதல் ஆளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லித் தந்தாள்.

வணக்கம் போட்டேன். ஒன்பது நாள் ஒன்றும் வரவில்லை. பத்தாம் நாள் காலை வலை கழுவிக்கொண்டு நிற்கும்போது வந்தது. பேத்தியின் குரல். "அம்மப்பா, எனக்குப் பல்லு விழுந்திட்டுது. ரத்தம் வந்தது. நான் அழேல்லை." அவ்வளவுதான். வலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அந்த ஏழு நாளும் நானும் மனைவியும் அதை எத்தனை தரம் கேட்டிருப்போம்! ஆறாம் நாள் அவள் தன் போனைக் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தாள்.

"இஞ்சருங்கோ, இதைப் பக்கத்திலை பிடிச்சால் குரல் இதிலை ஏறும்தானே. ஒருத்தருக்கும் அனுப்பப் போறேல்லை. தலைமாட்டிலை வைச்சுக் கேக்கத்தான்."

"பிள்ளை வைச்சிருக்க வேண்டாம் எண்டவள்."

"அவன் கேக்கக் கூடாது எண்டுதான் சொன்னவள். பெத்த தாய் கேக்கக் கூடாது எண்டே சொன்னவள்?"

"உம்மடை போனைச் சந்தையிலை வைச்சு விட்டிட்டு வந்தால்?"

"குழுவிலை படம் போடேக்கை என்னைக் கேட்டே போட்டனீங்கள்? இப்ப மட்டும் சட்டம் கதையுங்கோ."

அவள் சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் நான் விடவில்லை. மகள் என்னை நம்பலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் அது. ஏழாம் நாள் மத்தியானம் மனைவி மீன் வெட்டின கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து கடைசித் தரம் கேட்டாள். பின்னேரம் பார்க்க, குரல் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு அடுப்போடு கதைத்தாள்.

அடுத்த செபமாலை முடிந்ததும் நான் எழுந்து நின்று, படம் போட்டது என் பிழை என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். மாப்பிள்ளையின் தாய் தலை குனிந்து இருந்தார். இனிமேல் கருத்துக்குப் பெயர் வேண்டாம், படம் வேண்டாம், 'ஒரு நோயாளிக்காக', 'ஒரு பிள்ளைக்காக' என்று போட்டால் போதும், குழுவையும் புது ஆப்புக்கு மாற்றுவோம் என்றேன்.

வயதில் மூத்த ஒரு மாமி விடவில்லை. "பேர் இல்லாட்டி மாதாவுக்கு ஆரெண்டு என்னெண்டு விளங்கும்? எங்கடை ஒழுங்கையிலையே நாலு நோயாளி."

"மாதா பிழையான வீட்டுக்குப் போகமாட்டா மாமி."

"அண்ணை, நாங்கள் செபமாலை சொல்லுறமோ, கடத்தல் செய்யிறமோ?" என்று ஒரு தம்பி கேட்டான். சிரிப்பு எழும்பியது. அவனும் தொழிலுக்குப் போகிறவன்.

"தம்பி, முந்தநாள் உனக்கு வலையிலை நல்ல றால் பட்டதாம். எங்கை பட்டது?"

"கடலிலை."

"கடலிலை எங்கை?"

"தண்ணிக்கை."

இப்போது அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். கடற்தொழில் செய்கிற ஒருவனும் பட்ட இடத்தைச் சொல்ல மாட்டான். "றாலுக்குக் குடுக்கிற மரியாதையை என்ரை பிள்ளைக்கும் குடு," என்றேன். புது ஆப்புக்கு வந்தது ஆறு பேர்தான். மற்றவர்கள் பச்சையிலேயே நின்றார்கள். ஆனால் பெயர் போடுவது மெல்ல மெல்லக் குறைந்தது. மாமி மட்டும் இன்றைக்கும் 'முழங்கால் வருத்தக்காரி ஒருத்திக்காக' என்று போடுவார். எல்லாருக்கும் அவர்தான் என்று தெரியும்.

ஒரு கிழமை போக, மாப்பிள்ளையின் தாய் எங்கள் வாசல் படலைக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அண்ணை, அந்தப் படத்தை அவனுக்கு நான்தான் அனுப்பினனான். பிள்ளை வளந்திட்டாள் பார் எண்டு. வேறை நினைப்பில்லை."

"தெரியும் தங்கச்சி."

"பிள்ளை சுகமோ?"

"சுகம்."

அவர் அழுதுகொண்டு நின்றார். என் சட்டைப் பையில் இருந்த போனில் பேத்தியின் புதுக் குரல் ஒன்று இருந்தது. நத்தாருக்குப் பாலன் பிறந்த பாட்டில் இரண்டு வரி படித்திருந்தாள். அழிய இன்னும் இரண்டு நாள். பாட்டில் ஊரும் இல்லை, பெயரும் இல்லை. இவருக்கும் அவள் பேத்திதானே என்று என் மனம் இளகிவிட்டது.

"ஒரு குரல் இருக்கு. கேக்கிறியளோ?"

கையை நீட்டினவர் பாம்பைத் தொட்டதுபோல இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் அண்ணை. நான் அவனைப் பெத்தவள். அவன் எடுத்து, 'அம்மா, பிள்ளையைப் பற்றி ஏதும் தெரியுமோ' எண்டு அழுதால் எனக்கு ஒளிக்க ஏலாது. என்ன படிச்சவள் எண்டதைக்கூடச் சொல்லிப்போடுவன். எனக்கு ஒண்டும் தெரியாமல் இருக்கட்டும்."

தன் போனைத் தந்து, தன்னைக் குழுவிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன். நான் கடைக்காரப் பெண்ணிடம் படித்ததும், அன்பியத்தில் கத்திச் சொன்னதும் எல்லாம் அவர் அந்தப் படலையில் செய்ததற்குப் பக்கத்தில் நிற்காது. இன்றைக்கும் செபமாலைக்கு வருவார். "ஒரு பிள்ளைக்காக," என்று எனக்கு மட்டும் கேட்கச் சொல்வார். நான் அதை உரத்து வாசிப்பேன்.

பேத்திக்கு இப்போது பத்து வயது. எவ்வளவு உயரம் என்று தெரியாது. மகள் சில மாதம் இரண்டு தரம் எடுப்பாள், சில மாதம் எடுக்க மாட்டாள். சாப்பிட்டியா என்று கேட்பேன். அங்கே குளிரா, மழையா என்று கேட்பதில்லை. பதிலில் இடம் தெரிந்துவிடும். ஒரு நாள் அவளுக்குப் பின்னால் கோயில் மணி கேட்டது. எந்தக் கோயில் என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த மணி கேட்கிற தூரத்தில் என் பிள்ளை இருக்கிறாள் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

இதை வாசிக்கிறவர்களுக்கு இப்படி ஒளிந்திருக்கிற ஒரு பிள்ளையின் தகப்பன், தாய் தெரிந்தால் இதை அனுப்பிவிடுங்கள். அனுப்பும்போது ஒரு சொல்லும் கூட்டாதீர்கள், ஒரு சொல்லும் குறைக்காதீர்கள். இது இன்னாருடைய மகளாக இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றலாம். நல்ல மனதோடு அந்தப் பெயரைக் கீழே எழுதவும் தோன்றலாம். நானும் நல்ல மனதோடுதான் போட்டேன். அப்படித் தோன்றினால் போனை வைத்துவிட்டு, ஒரு பிள்ளைக்காக என்று மட்டும் சொல்லி ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்கள்.