மன்னிப்புக் கேட்டு நடந்த தெரு

அந்த வருஷம் புரட்டாசி பிறந்தபோது, எங்கள் பள்ளிக்கூடத்து மலைப் பிள்ளைகள் ஒன்பது பேருக்குத் தங்க வீடு இல்லாமல் போகும் நிலை. வீட்டுக்காரர் நல்லவர்தான். மகனுக்குக் கல்யாணம், தீபாவளிக்குள் காலி செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். வேறு வீடு பிடிக்க வேண்டுமானால் ஊரில் நாலு பேரிடம் போய் உதவி கேட்க வேண்டும். கேட்க வேண்டிய ஆள் நான். எனக்கோ வாய் திறக்காது. பெருமாளே, இந்த வேலைக்கு என்னை ஏன் பிடித்துப் போட்டாய் என்று அழுத நாட்கள் அவை.

என் பெயர் ஏழுமலை. கள்ளக்குறிச்சியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறேன். படிப்பு ஏறாது என்று மற்ற பள்ளிகள் தள்ளிவிட்ட பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். அறிவில் அவர்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. எழுத்து மட்டும் கண்ணில் நிற்காமல் புரளும். மணலில் எழுதி, களிமண்ணில் பிடித்து, தொட்டுத் தொட்டுப் படிக்க வைப்பார்கள். என் காலத்தில் அப்படி ஒரு பள்ளிக்கூடம் இல்லை. எனக்கும் எழுத்து புரளும். ஐந்தாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போய்விட்டேன். இதை எழுதி முடிக்க எனக்கு எட்டு நாள் ஆனது.

முதலில் நான் அந்தப் பள்ளியின் ஜீப் டிரைவர். திங்கட்கிழமை காலையில் வெள்ளிமலைக்கு ஏறி, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இறங்குவேன். வெள்ளி சாயங்காலம் கொண்டுபோய் விடுவேன். மற்ற நாட்களில் அவர்கள் அந்த வாடகை வீட்டில் தங்குவார்கள். வாசலில் ஒரு கொய்யா மரம். ஜீப் நிற்பதற்கு முன்பே குதித்து மரத்தில் ஏறிவிடுவார்கள். இன்றைக்கும் கொய்யா வாசனை அடித்தால் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கிறது.

நன்கொடை திரட்டிக்கொண்டிருந்த ஐயா சென்னைக்குப் போய்விட்டார். தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "ஏழுமலைண்ணே, இனிமே ஊர்ல நாலு பேரப் பாக்கறது, ஒதவி கேக்கறது எல்லாம் நீங்கதான்" என்றார்.

"அஞ்சாங்கிளாஸ்தாங்க டீச்சர் நான்."

"கேக்கறதுக்கு எத்தினி கிளாஸ் படிக்கணும்? உங்களுக்குத் தெரியாத வூடு இந்த ஊர்ல இருக்குதா?"

வீடுகள் தெரியும். உள்ளே போய்ப் பேசத்தான் தெரியாது. 'நிதி மற்றும் வெளித்தொடர்புப் பொறுப்பாளர்' என்று என் பெயர் போட்டு அட்டை அடித்துக் கொடுத்தார்கள். ஒரு டப்பா நிறைய. பிரிக்காமலே ஜீப்பில் கிடந்தது.

எங்கள் தெருவில் ஒரு பருப்பு மண்டி உண்டு. முதலாளியை எல்லோரும் மண்டி பாய் என்பார்கள். தாராள மனசுக்காரர். இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று போவேன். "வாங்க, இன்னா வேணும்?" என்பார். எனக்கு நெஞ்சு அடைக்கும். "ஒரு கிலோ தொவரம் பருப்பு" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். இப்படி எத்தனையோ தடவை. வீட்டில் பருப்பு வைக்க டப்பா இல்லை. என் மனைவி கேட்டாள்: "இன்னாய்யா, நீ பள்ளிக்கூடத்துக்கு வேல செய்றியா, மண்டிக்கு வேல செய்றியா?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்த வாரம் செல்வியின் அப்பா மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். செல்விக்கு அப்போது பத்து வயது. எங்களிடம் வந்தபோது ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் சாமையை மரக்காலில் அளந்தால் கணக்கு வாயிலேயே வரும். அவள் அப்பா வெள்ளையன் அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு நேராகக் கேட்டார்.

"வூடு இல்லன்னா இல்லன்னு சொல்லிடு தம்பி. தீவாளி கழிச்சி நாங்க மொளகு பறிக்கக் கேரளா போறோம். அவளையும் கூட்டினு போயிடறேன். யாருகிட்ட வுட்டுட்டுப் போறது?"

செல்வி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "பாதி எழுத்து வந்துடுச்சி மாமா. மீதி?" என்றாள். மிளகுத் தோட்டத்துக்குப் போன பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

புரட்டாசி முதல் சனிக்கிழமை விடியற்காலையில் பெருமாள் கோயிலில் தூணோரம் நின்றேன். வீடு கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. "எனக்குப் பேச்சு கொடு. இந்தப் பிள்ளைகளுக்காக மட்டும் கொடு. பிறகு எடுத்துக்கொள்" என்று கேட்டேன். அழுகை நிற்கவில்லை.

அப்போது ஒரு ஞாபகம் வந்தது. எனக்கு ஏழு வயதில் விஷக்காய்ச்சல். பிழைத்தால் மடிப்பிச்சை எடுத்துத் திருப்பதிக்கு வருகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். மஞ்சள் துணி கட்டி, நாமம் போட்ட சொம்பை என் கையில் கொடுத்து வீடு வீடாக அழைத்துப் போனாள். நான் வெட்கத்தில் அவள் முந்தானைக்குள் ஒளிந்தேன். "கேக்கறது நாம இல்லடா, அவுரு" என்றாள். 'கோவிந்தா' என்று ஒரு வார்த்தை போதும். அரிசி சொம்பில் விழுந்தது. புது அரிசியின் அந்தச் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

இதுதான் பெருமாள் காட்டிய வழி என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை மஞ்சள் வேட்டி, சொம்பு, துளசி மாலை. 'கோவிந்தா, கோவிந்தா' என்று எங்கள் தெரு முழுக்கப் போனேன். பை நிறைந்தது. பிள்ளைகளின் அரிசிச் செலவு இதில் கழிந்தால், மிஞ்சுவதை வைத்து வேறு வீடு பிடிக்கலாம் என்று மனசு கணக்குப் போட்டது.

தெருக் கோடியில் தையல்காரக் கனகா அக்கா வீடு. அரிசி போட்டுவிட்டு, என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "திருப்பதி மலைக்கு எப்ப கெளம்பறீங்க? என் பேரச் சொல்லி ஒரு கற்பூரம் ஏத்துங்க."

அவர் கொடுத்தது பெருமாளுக்கு. அதை நான் வேறு இடத்துக்குக் கொண்டுபோக இருந்தேன். நல்ல காரியத்துக்குத்தான். ஆனாலும் சாமி பேரைச் சொல்லி வாங்கியது சாமிக்குத்தானே போக வேண்டும். நேராகக் கோயிலுக்குப் போய், அன்னதானத்துக்கு என்று பையோடு கொட்டிவிட்டு வந்தேன். அந்த வழியும் அடைபட்டுவிட்டது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் ஒன்று மட்டும் மனசை அறுத்தது. அரிசி கோயிலுக்குப் போய்விட்டது சரி. பொய்யாக நின்று வாங்கியது? ஒவ்வொரு வீட்டிலும் சொல்லித்தானே ஆக வேண்டும். முதலில் கனகா அக்கா வீட்டுக்கே போனேன். தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, என்ன மன்னிச்சிடுங்க. நேத்து வாங்கன அரிசிய எங்க இஸ்கூல் புள்ளைங்களுக்குக் குடுக்கலாம்னு நெனச்சிதான் வந்தேன். அப்புறம் மனசு கேக்கல, கோயில்ல குடுத்துட்டேன்."

மிஷின் நின்றது. "எந்தப் புள்ளைங்க?"

சொன்னேன். ஒன்பது பேரைப் பற்றி, செல்வியைப் பற்றி, மீதி எழுத்தைப் பற்றி. நானும் அந்த மாதிரிப் பிள்ளைதான் என்பதையும் சொன்னேன். அதை யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

"இத நேத்தே சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு படி போட்டிருப்பேனே."

"அதாங்க்கா, எனக்குச் சொல்ல வராது."

"இப்ப வருதே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான். உதவி கேட்க வராத வாய்க்கு மன்னிப்புக் கேட்க வந்தது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று போனேன். ஒவ்வொரு வாசலிலும் முதலிலிருந்து சொன்னேன். ஒருவர் திட்டினார். "சாமி பேரச் சொல்லி இன்னாய்யா வேல இது" என்றார். நியாயமான திட்டு, வாங்கிக்கொண்டேன். கறிக்கடைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எம்புள்ளயும் அப்டித்தாங்க. அடிச்சிகூட பாத்துட்டேன்" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பையனை மறுவாரமே எங்கள் பள்ளியில் சேர்த்தார்.

தெரு முடிந்து திரும்பும்போது மண்டி பாய் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"தெரு பூரா மன்னிப்பு கேட்டுக்கினு வரீங்களாம். எங்கடைய மட்டும் தாண்டிப் போறீங்க."

"உங்ககிட்ட நான் அரிசி வாங்கலீங்களே பாய்."

"பருப்பு வாங்கனீங்களே. அத்தினி தடவ வந்து, எதுக்கு வந்தீங்கன்னு ஒரு தடவயாவது சொன்னீங்களா? அது தப்பில்லியா?"

"பருப்புக்கு வரலன்னு உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"பருப்பு வாங்க வர்றவன் வெல கேப்பான். நீங்க ஒரு நாளும் கேக்கல. தொறக்கட்டும் தொறக்கட்டும்னு உங்க வாயத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

அவரிடமும் சொன்னேன். கல்லாவிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். "மண்டிக்குப் பின்னால எங்க அக்கா வூடு பூட்டித்தான் கெடக்குது. கெணறு இருக்குது. புள்ளைங்க சத்தம் ஜாஸ்தியா இருக்குமா?"

"இருக்குங்க பாய்."

"இருக்கட்டும். இப்ப எலி சத்தந்தான் கேக்குது."

சாவியை வாங்கியதும் நேராக ஜீப்பை எடுத்து வெள்ளிமலைக்கு ஏறினேன். மலைப் பாதையின் அத்தனை வளைவிலும் 'கோவிந்தா, கோவிந்தா' என்றுதான் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. வெள்ளையன் கேரளாவுக்கு இப்போதே மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, செல்வியின் துணிகளை மட்டும் மூட்டையிலிருந்து பிரித்து எடுத்து என் கையில் கொடுத்தார்.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. பாயின் அக்கா வீட்டில்தான் மலைப் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். தெருவில் உள்ளவர்கள் சமைக்கும்போது தினம் ஒரு பிடி அரிசி அவர்களுக்கென்று எடுத்து வைக்கிறார்கள். என் பெயர் போட்ட அட்டை டப்பாவைப் பிரித்துவிட்டேன், பாதிக்கு மேல் கொடுத்தாயிற்று. இன்னமும் ஒரு வாசலில் ஏறும்போது நெஞ்சு அடைக்கத்தான் செய்கிறது. பெருமாள் என் கூச்சத்தை எடுக்கவில்லை. கூச்சத்தோடேயே பேச வைத்தார்.

பேச்சு கொடு என்று கேட்டவனுக்கு அவர் ஒரு தவறைக் கொடுத்து, அதிலிருந்து பேச்சை எடுத்தார். உங்களுக்கும் எந்த வழி அடைபட்டிருந்தாலும் அவரிடம் சொல்லிவிட்டு நில்லுங்கள். தப்பு செய்துவிட்டோமே என்று ஓடி ஒளியாதீர்கள். அந்தத் தப்பின் வாசலிலேயே அவர் நிற்கலாம்.

புரட்டாசியில் இப்போது இரண்டு நாள் போகிறேன். சனிக்கிழமை சொம்போடு, ஞாயிற்றுக்கிழமை வெறும் பையோடு. இரண்டும் கலப்பதில்லை. போன வருஷம் சனிக்கிழமை செல்வியும் கூட வந்தாள். இப்போது பேப்பரைத் தடவித் தடவிப் படித்துவிடுகிறாள். கனகா அக்கா முறத்தோடு வெளியே வந்து, வேண்டுமென்றே கேட்டார். "யாருக்குடி இது?"

நான் வாய் திறப்பதற்கு முன்பே செல்வி சொன்னாள்.

"இன்னிக்கிப் பெருமாளுக்கு. நாளைக்கி எங்களுக்கு. நாளைக்கும் வூட்ல இருங்க."