மூன்றாவது கூப்பாடு

இலையுதிர் காலம் வந்துவிட்டால் எங்கள் யெல்னிகி கிராமத்தில் காடு ஊரைப் பார்த்து இரண்டு அடி முன்னால் நகர்ந்து நிற்கும். நம்பாதவர்கள் வந்து அளந்து பார்க்கலாம். ஒரு தபால்காரரை விழுங்கி மூன்று வருடம் கழித்துத் துப்பிய காடு அது. அவர் தாடியில் குருவி கூடு கட்டியிருந்தது. தபால் பை மட்டும் நனையவே இல்லை.

இந்த ஊருக்குத்தான் ஒரு மே மாதம் லெனின்கிராடிலிருந்து ரிம்மா மருத்துவ உதவியாளராக வந்து இறங்கினாள். படிப்பு முடிந்ததும் அரசாங்கம் அனுப்பிய இடத்துக்குப் போக வேண்டிய காலம். ஏழு குடும்பங்களுக்கு ஒரே சமையலறை உள்ள வீட்டில் வளர்ந்தவள். சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால்தான் அவளுக்குத் தூக்கமே வரும். ஜன்னலுக்கு வெளியே விடிய விடியத் தெருவிளக்கு எரியும்.

கோடையைச் சமாளித்துவிட்டாள், எங்கள் கோடையில் இருட்டு எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். செப்டம்பர் பிறந்ததும் ஆள் வெளிறிப் போனாள். கொக்குகள் கத்திக்கொண்டே தெற்கே போயின. மாலை நாளுக்கு நாள் முந்திக்கொண்டு வந்தது. விளக்கை அணைத்தால் கை தெரியவில்லை, காதை வைத்தால் இருமல் கேட்கவில்லை. காடு தெரியும் ஜன்னலை மறைத்து அலமாரியை நகர்த்தி வைத்தாள்.

பக்கத்து வீட்டு ஃபெதோஸ்யா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏடி, அலமாரி வச்சா காடு எந்திரிச்சுப் போயிடுமா? வா, காளான் பொறுக்கப் போலாம். ஒரு கூடை நிறைஞ்சா பயம் தெளிஞ்சிடும்."

"எனக்குக் காளானே பிடிக்காது அத்தை."

"போன வாரம் என் வீட்ல மூணு கிண்ணம் உள்ள தள்ளினியே, அது என்ன முட்டைக்கோஸா?"

மறுநாள் காலையில் கிளம்பினார்கள். போகிற வழியில் ஃபெதோஸ்யா காட்டுச் சட்டங்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"காட்டுல நாங்க 'ஆ...ஊ'ன்னு மூணு தரம் கூப்பிடுவோம். மூணாவதுக்கு அப்புறந்தான் பதில் குடுக்கணும். காட்டுக்காரன்னு ஒரு பேய் இருக்கான், அவனுக்கு ரெண்டுதான் கூப்பிட வரும். ரெண்டோட நின்னா அது மனுசன் இல்ல, வாயை மூடிக்கிட்டு உக்காந்துடு."

"வழி தப்பிட்டா?"

"மேல்சட்டையை உள்பக்கம் வெளிய தெரியற மாதிரித் திருப்பிப் போடு. பூட்ஸைக் கால் மாத்தி மாட்டு. அவன் குழம்பிப் போய் விட்டுடுவான்."

"நான் உயிரியல் படிச்சவ அத்தை. இதையெல்லாம் எப்படி நம்புறது?"

"நீ படிச்சே, சரி. அவன் படிக்கலையே!"

குங்கும நிறக் காளான்கள் பாசிக்குள் வரிசையாக முளைத்திருந்தன. ஒன்றைப் பறித்தால் அடுத்தது தெரிந்தது. குனிந்த தலை நிமிராமல் ரிம்மா பறித்துக்கொண்டே போனாள். நிமிர்ந்தபோது ஃபெதோஸ்யாவின் சிவப்புத் தலைத்துணி எந்தப் பக்கமும் இல்லை.

கூப்பிட்டாள். குரல் பாசிக்குள் இறங்கிப் போயிற்று. நடந்தாள். இடி விழுந்து பிளந்த, வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரம் ஒன்று வந்தது. வெகுநேரம் நேராகவே நடந்த பிறகும் அதே மரம் வந்தது. மூன்றாம் முறை பார்த்தபோது அது அவளுக்காகவே காத்து நிற்பது போலிருந்தது. வெயில் மரங்களின் இடுப்புக்கு இறங்கியிருந்தது. எங்கோ ஒரு முனகல் கேட்டது, யாரோ பெரிய ஆள் மெதுவாகச் சாவது போல. கொம்பு மான் ஜோடி தேடுகிறது என்று எங்கள் ஊர்க் குழந்தையும் சொல்லும். அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

அன்றைக்கு முதல் உறைபனி விழும் என்று காலையிலேயே பேச்சு. உறைபனியில் கிடக்கும் உடம்புக்கு என்னென்ன ஆகும் என்று ரிம்மாவுக்குத் தெரியும். முதலில் நடுக்கம், பிறகு நடுக்கம் நிற்பது, கடைசியில் கதகதப்பாக இருப்பது போல ஒரு சுகம். அந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவள். நடுக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது. உயிரியலை அங்கேயே விட்டுவிட்டு மேல்சட்டையைத் திருப்பிப் போட்டாள். பூட்ஸைக் கால் மாற்றி மாட்டினாள்.

அப்போது கேட்டது.

"ஆ...ஊ!"

வாயைத் திறந்தவள் கையால் பொத்திக்கொண்டாள். ஒன்று.

"ஆ...ஊ!"

இரண்டு. மூச்சை அடக்கி மூன்றாவதுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. இலைகூட அசையவில்லை. பிறகு சுள்ளி ஒடியும் சத்தம், அவளை நோக்கி. ஊசியிலை மரத்தின் தாழ்ந்த கிளைக்கு அடியில் தவழ்ந்து போய் மண்ணில் முகம் பதித்துப் படுத்தாள். கனத்த காலடி அருகே வந்து, நின்று, விலகிப் போகத் தொடங்கியது.

போகும்போது அது இருமியது.

முதலில் ஒரு சீழ்க்கை, பிறகு ஈரமான உருட்டல், கடைசியில் கொக்கி போட்டு இழுத்தது போல ஒரு விக்கல். ரிம்மா தலையைத் தூக்கினாள். மே மாதத்திலிருந்து வாரம் தவறாமல் அந்த நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டிருக்கிறாள். டிராக்டர் ஓட்டும் பங்க்ராத்தின் வலது நுரையீரல் அது! காட்டுக்காரன் குரலை வேண்டுமானால் திருடுவான். சொந்தத் தோட்டத்துப் புகையிலையை முப்பது வருடம் இழுக்காமல் அந்த இருமலைத் திருட முடியாது.

"பங்க்ராத்! நில்லுங்க! போகாதீங்க!"

பங்க்ராத் திரும்பினார். தலை நிறையப் பாசியும், திருப்பிப் போட்ட சட்டையும், இடவலம் மாறிய பூட்ஸுமாக ஏதோ ஒன்று கிளைக்கு அடியிலிருந்து நாலு காலில் வெளியே வந்துகொண்டிருந்தது.

"கிட்ட வராதே! யாரு நீ?"

"நான்தான், ரிம்மா!"

"இன்னும் ரெண்டு தரம் சொல்லு!"

அழுதுகொண்டே சொன்னாள்.

"டாக்டரம்மா! உங்களைத் தேடித் தொண்டை கிழியக் கத்தினேனே, ஏன் பதில் குடுக்கல?"

"ரெண்டு தரம்தானே கத்தினீங்க!"

"மூணாவது இருமல்ல போயிடுச்சு. புகையை விடு, விடுன்னு நீங்க வாரா வாரம் சொல்றதுதான். இன்னிக்கே விட்டுடறேன்."

ரிம்மா இரண்டு கையாலும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடணும். ஊர் போய்ச் சேர்ந்ததும் விடுங்க. இப்ப இருமிக்கிட்டே முன்னால நடங்க."

வழி நெடுக இருமிக்கொண்டே வந்தார். இருமல் ஓய்ந்தபோதெல்லாம் பின்னாலிருந்து முதுகில் ஒரு குத்து விழுந்தது. காட்டோரம் விளக்கோடு நின்ற ஃபெதோஸ்யா முதலில் பூட்ஸைத்தான் பார்த்தாள்.

"உயிரியல் படிச்சவளே, கால் வலிக்கலையா?"

ரிம்மா அதற்குப் பிறகு முப்பது வருடம் எங்கள் ஊரிலேயே இருந்தாள். பயம் தெளிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான்கூட அவ்வளவு பெரிய பொய் சொல்வதில்லை. செப்டம்பர் பிறந்ததும் அலமாரி ஜன்னலுக்குப் போய்விடும். காளானுக்குப் போனால் பங்க்ராத் இருமுகிற பக்கமாகவே போவாள். ஒருவழியாக அவர் புகையிலையை விட்ட வருடம் நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டாள். சீழ்க்கையும் இல்லை, உருட்டலும் இல்லை. ரிம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் காளானுக்குக் கிளம்பும்போது பங்க்ராத்தின் கழுத்தில் மாட்டு மணி ஒன்றைக் கட்டிவிட்டாள். அவரும் தலையைக் குனிந்து காட்டினார்.