கருவி தேவையில்லாத மூடி

காலை ஐந்தே முக்கால். மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு வால். எதிர்மனையில் மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் ஒரு பெரிய இலைக்குவியல் கிடந்தது. அதன் ஓரத்தில் அந்த வால் சேற்றை அடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்துவிட்டதைக் கவனித்தேன்.

வேப்பம்பட்டில் எங்கள் தெரு பாதி வீடுகள், பாதி காலிமனைகள். அந்தக் காலிமனைகளில் ஒன்றில் தகரம் போட்டு, ஒரே ஒரு மாட்டை வைத்து, தெருவுக்கெல்லாம் பால் ஊற்றிக்கொண்டிருந்தார் ஒரு பெண்மணி. எல்லோருக்கும் அவர் பால்கார அக்கா. வீட்டில் வேறு வருமானம் கிடையாது. மாடு ஆறு மாதச் சினை.

நான் ஓடிப் போனபோது அக்கா மாட்டின் தலையை மடியில் வைத்துச் சேற்றில் உட்கார்ந்திருந்தார். கிளை ஒன்று, தண்ணீர் டிரம் பருமன், மாட்டின் விலாவின் மேல் குறுக்காக விழுந்திருந்தது. மாடு மூச்சு விட்டது. ஆனால் சின்னச் சின்னதாக விட்டது.

"மூச்சு உடுது, பாரு, மூச்சு உடுது. சீக்கிரம் தூக்குங்கய்யா!"

ஆண்கள் எல்லோரும் தோள் கொடுத்துப் பார்த்தோம். கிளை அசையவில்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தால், ஊரெங்கும் மரம் விழுந்திருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். அப்போதுதான் யாரோ மெஷின் ஞாபகத்தைக் கிளப்பினார்கள்.

போன மழைக்காலத்துப் புயலுக்குப் பிறகு எங்கள் குடியிருப்போர் சங்கம் மரம் அறுக்கும் மெஷின் ஒன்று வாங்கியிருந்தது. பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருந்த வாசகம் எனக்கு நினைவிருக்கிறது: எரிபொருள் மூடியையும் எண்ணெய் மூடியையும் திறக்கக் கருவி தேவையில்லை. பழைய மெஷின்களில் மூடியின் தலையில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் ஸ்பேனரின் முனையைக் கொடுத்து முறுக்க வேண்டும். இதில் அப்படி இல்லை. மூடியின் மேல் பிறை போல ஒரு மடல் படுத்திருக்கும். விரலால் நிமிர்த்திக் கால் சுற்றுத் திருப்பினால் திறந்துவிடும். மூடும்போது அதே மாதிரித் திருப்பி மடலைப் படுக்க வைக்க வேண்டும். ஒன்று பெட்ரோலுக்கு, இன்னொன்று மரத்தை அறுக்கும் பல் வைத்த செயினுக்குப் போகும் எண்ணெய்க்கு.

மெஷினை ஓட்டத் தெரிந்தவர் தெருவில் ஒருவர்தான். கும்மிடிப்பூண்டியில் ஒரு உருக்காலையில் ஃபிட்டர். முந்தின நாள் ஷிஃப்ட் முடிந்து, மழையில் வழியில் மாட்டிக்கொண்டு, அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். சங்க அறையிலிருந்து மெஷினைத் தூக்கி வந்தார்கள். டேங்க் காலி. பெட்ரோல் ஊற்ற வேண்டும். ஃபிட்டர் மடலில் நகத்தைக் கொடுத்தார். மடல் எழவில்லை.

"இன்னா சார் இது? மூடி மேல இன்னாத்த பூசி வெச்சிக்கீறீங்க?"

சங்கச் செயலாளர் குனிந்து பார்த்தார். சந்தனம். ஆயுத பூஜைக்கு அவரே தன் கையால் வைத்தது. மெஷினில் பொட்டு வைக்க வாகாக வட்டமாக இருந்த இடங்கள் அந்த இரண்டு மூடிகள்தான். இரண்டிலும் கெட்டியாகக் குழைத்த சந்தனம், நடுவில் குங்குமம். அது மடலின் இடுக்கில் இறங்கி, காய்ந்து, சிமெண்ட் பூச்சு மாதிரி இறுகியிருந்தது.

"பூஜை பண்ணது தப்பாய்யா?" என்றார் செயலாளர்.

"பூஜ தப்பில்ல சார். வாய அடைச்சி பூஜ பண்ணீங்க பாரு, அதான் தப்பு. சாமிக்குக் கூட நெத்திலதான் வெப்பாங்க."

அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

நகம் உடைந்தது. கத்தி கொண்டு வந்தார்கள், வளைந்தது. கடைசியில் ஸ்குரூடிரைவர் வந்தது. கருவி தேவையில்லாத மூடியை ஸ்குரூடிரைவரால் நெம்பித் திறந்தோம். நெம்பியதில் மூடிக்கு அடியில் அதைப் பூட்டிப் பிடிக்கும் வளையம் இடம் மாறியதை அப்போது யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது, மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்படி அதைச் செய்திருக்கிறார்கள். ஃபிட்டர் பெட்ரோலை ஊற்றினார், மூடியை வைத்தார், திருப்பினார். மடல் அழகாகப் படுத்துக்கொண்டது. மெஷினைத் தூக்கி இடுப்பருகே சாய்த்தார். மூடி கழன்று விழுந்தது. டேங்கில் இருந்த பெட்ரோல் அவர் தொடையில் கொட்டியது.

"தூ! பேஜாரு புட்ச்ச மெஷினு!"

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். மூடாத மூடி மூடாதது போலத் தெரிய வேண்டும். அது ஒன்றுதான் ஒரு மூடியிடம் நாம் கேட்பது. இது மூடியது போல நடித்தது. திருகு மரை தேய்ந்த பழைய மூடி முரண்டு பிடிக்கும், சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் பொய் சொல்லாது. இதை வரைந்தவர் யாரோ எனக்குத் தெரியாது. வரைந்தபோது அவர் கை ஈரமாக இருந்திருக்காது. விரலில் எண்ணெயும் மரத்தூளும் அப்பியிருந்திருக்காது. எதிரே ஒரு மாடு மூச்சுக்குத் தவித்திருக்காது.

பெட்ரோல் நனைந்த துணியோடு மெஷினைக் கிளப்பினால் ஒரு பொறி போதும். ஃபிட்டர் ஓடிப்போய் அடிபம்பில் காலைக் கழுவி, யாரோ கொடுத்த லுங்கியைச் சுற்றிக்கொண்டு வந்தார். அதற்குள் அக்காவின் குரல் மாறியிருந்தது. கத்தவில்லை.

"நைனா, சீக்கிரம் ஏதாச்சும் பண்ணு நைனா. கண்ண மூடுது."

மறுபடி பெட்ரோல் ஊற்றினோம். டேங்க் வாயில் பிளாஸ்டிக் கவரை மடித்துப் போட்டு, அதன் மேல் மூடியை அழுத்தி, சைக்கிள் டியூப் துண்டால் சுற்றிக் கட்டினோம். மெஷின் கிளம்பியது. கிளையில் பல் இறங்கியது. மரத்தூள் பறந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம் என்று நினைக்கிறேன்.

பாதிக் கிளை அறுபட்டிருந்தபோது மற்ற மூடி திறந்துகொண்டது. எண்ணெய் மூடி. அதையும் அதே ஸ்குரூடிரைவரால் நெம்பித் திறந்துதான் எண்ணெய் ஊற்றி மூடியிருந்தோம், கழலாமல் நின்றதால் கட்டவில்லை. அதிர்வில் மடல் தானாக நிமிர்ந்து, எண்ணெய் முழுக்கச் சேற்றில் போனது. காய்ந்த செயின் சூடேறிப் புகைந்தது, மரத்துக்குள்ளேயே கடித்துக்கொண்டு நின்றது. ஃபிட்டர் இழுத்தார், உதைத்தார். அது வரவில்லை.

மீதிப் பாதியைக் கோடாலியால் வெட்டினோம். செவ்வாப்பேட்டைக்குக் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் வழியில் நின்று மாறி மாறிக் கை கொடுத்தார்கள். கிளை பிளந்து இறங்கியபோது நன்றாக விடிந்து, தெருவில் பள்ளி வேன் வந்து நின்றிருந்தது. மாட்டை இழுத்து வெளியே போட்டோம். அது எழ முயலவில்லை. அக்கா அதன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். கால்நடை டாக்டர் வருவதற்கு முன்பே மாடு இறந்துவிட்டது.

அந்த வாரமே ஃபிட்டரும் நானும் மெஷினைத் திருவள்ளூரில் வாங்கிய கடைக்கே எடுத்துப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர்தான். ஒரு ஸ்பேனரால் வளையத்தைப் பழைய இடத்துக்குத் திருப்பி, மூடியைத் துடைத்து, கண்ணாடி மேஜை மேல் வைத்து மூடிக் காட்டினார்.

"சத்தம் வருது பாருங்க சார், டிக்குனு. அந்தச் சத்தம் வந்தாதான் லாக் ஆச்சுன்னு அர்த்தம். புக்லயே போட்டுருக்கு."

"பொம்பள அழுவற சத்தம், காத்து சத்தம், இதுல உன் டிக்கு எங்க கேக்கும் எனக்கு?" என்றார் ஃபிட்டர்.

"நீங்க சந்தனம் வெச்சா கம்பெனி இன்னா சார் பண்ணும்?"

"எங்க ஊருல மெஷினுக்கு சந்தனம் வெப்பாங்கன்னு உனுக்குத் தெரியாதா? உன் தராசுக்கே வெச்சிக்கீற."

கடைக்காரர் மேஜை ஓரத்தில் இருந்த, ஆணி நிறுக்கும் தராசைப் பார்த்தார். பழைய மாதிரி மரை மூடி கிடைக்குமா என்று கேட்டேன். இந்த மாடலுக்குப் பொருந்தாது என்றார். வெளியே வரும்போது ஷோகேஸில் புது மெஷின்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் அதே பிறை மடல், அதே வாசகம். நான் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. நின்றிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அக்கா இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவப் போகிறார். கம்பெனி வேன் விடியற்காலையில் தெருமுனைக்கு வருகிறது.