முழங்காலில் ஊன்றிய கை

விஷு அன்று விடியலில் பூவும் பழமும் அடுக்கிய தட்டில் கண்விழித்துக் கணி கண்டு முடித்ததும் அப்பாவுக்கு நமஸ்காரம் பண்ண வேண்டும். எழுந்து கையை நீட்டினால் அவர் அதில் ஒரு நாணயத்தை வைப்பார். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் அண்ணா அப்படி விழுந்து எழுந்த ஒரு விஷு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. எழுந்தான் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். முதலில் கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கினான். பிறகு ஒரு கையை முழங்காலில் வைத்தான், மற்றதைத் தொடையில். தன் உடம்பையே பிடித்துக்கொண்டு தன் மேலேயே ஏறுவதுபோல நிமிர்ந்தான். கோமாளித்தனம் பண்ணுகிறான் என்று தங்கை நான் உள்பட வீடே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தான்.

அந்தக் காலில் பலமில்லை என்று யார்தான் நினைப்பார்கள்? கெண்டைக்கால் இரண்டும் அப்படி உருண்டு திரண்டிருக்கும். அப்பா பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் கணக்குப் பார்த்தார். அங்கே மூட்டை சுமக்கும் சேட்டன்மார் அண்ணாவின் காலைப் பார்த்து, தங்களோடு வேலைக்கு வந்துவிடச் சொல்லிக் கேலி பண்ணுவார்கள். அப்பாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. அதனால்தான் அவன் பள்ளியில் அடிக்கடி விழுந்தபோதும், பஸ் படியில் ஏறத் திணறியபோதும், சோம்பேறி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தினமும் காலையில் கிடங்குக்கு அழைத்துப்போய் மரப்படியில் ஏறி இறங்க வைத்தார். அம்மா தைலம் தேய்த்துவிட்டாள். கால் இன்னும் பருத்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டோம்.

கடைசியில் போட்டில் எறணாகுளம் போய் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினோம். அவர் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார், அண்ணாவைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார், அவ்வளவுதான். தசை செத்துக்கொண்டே வருகிறது, அந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்துதான் கால் பருத்திருக்கிறது, படி ஏறியதெல்லாம் இருக்கிற பலத்தையும் தேய்த்திருக்கும் என்றார். மருந்து கிடையாது. இது தாய் வழியாக வருவது, பெண்கள் சுமப்பார்கள், ஆண்பிள்ளைகளைப் பிடிக்கும் என்றும் சொன்னார். திரும்பி வரும்போது போட்டில் அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதன்பிறகு அவள் அண்ணாவை நேருக்கு நேர் பார்த்து நான் பார்த்ததில்லை. சோறு ஊட்டும்போதுகூடக் கிண்ணத்தைத்தான் பார்ப்பாள். அவள்மேல் எனக்கு அப்போது கோபமாக இருந்தது.

ஒவ்வொரு விஷுவுக்கும் எழுவது கடினமாகிக்கொண்டே போனது. வேண்டாம் என்றாலும் அண்ணா கேட்கமாட்டான். தூக்கிவிட யாரும் வரக்கூடாது, தானே எழுந்து நின்றுதான் கையை நீட்டுவான். அது ஒன்றுதான் அவனிடம் மிச்சமிருந்தது. கடைசியாக அவன் நமஸ்காரம் பண்ணிய விஷுவில், இடுப்பு எழும்பியது, ஒரு கை முழங்காலுக்கு வந்தது, அங்கேயே நழுவியது. மறுபடி முயன்றான். மறுபடியும் நழுவியது. நான் ஓடினேன்.

"யாரும் தொடண்டாம்," என்றான்.

கணித்தட்டில் கொன்றைப்பூ வாடத் தொடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் அப்பா நாணயத்தோடு தரையில், அவன் பக்கத்தில், உட்கார்ந்தார். வீட்டில் யாருக்காகவும் குனியாத மனிதர். அவன் கையைப் பிரித்து நாணயத்தை வைத்து மூடினார்.

"அந்தப் படியெல்லாம் ஏற வெச்சேனேடா," என்றார்.

அண்ணா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "மேலே ஏறினா கப்பல் தெரியும்ப்பா," என்றான்.

அதன்பின் நாற்காலி, பிறகு கட்டில். கடைசியில் மூச்சு இழுக்கவும் தசை வேண்டியிருந்தது, அதுவும் இல்லாமல் போனது. சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணமாகி மகள் பிறந்தாள். பெண் என்று கேட்டதும் அம்மா அழுதாள். நிம்மதியில் அழுகிறாள் என்று அப்போது நினைத்தேன்.

இந்த விஷுவுக்கு மகள் தன் பிள்ளையோடு வந்திருந்தாள். வழவழவென்ற டைல்ஸ் தரையில் பேரன் எனக்கு நமஸ்காரம் பண்ணினான். என்ன உறுதியான கால் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நான் காலைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். துள்ளி எழுந்து கையை நீட்டினான். முழங்காலைத் தொட்டானா, இல்லையா? கண் கலங்கியிருந்ததால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"இன்னொரு தரம் பண்ணு கண்ணா," என்றேன்.

மகள் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவன் கைகளைப் பார்க்கத் தொடங்கினாள்.